வெள்ளைக் குறியைப் பார்த்து நடங்கள்: புரூஸ் ட்ரெயிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கோடையில் டொபர்மோரிக்குப் போய் குரோட்டோ குகை வாசலில் படம் எடுத்த தமிழ்க் குடும்பங்கள் ரொறன்ரோவில் எத்தனையோ. நயாகரா அருவிக்கு விருந்தாளிகளைக் கூட்டிப் போகாத வீடே இல்லை என்று சொல்லலாம். இந்த இரண்டு பக்கங்களையும் ஓர் ஒற்றையடிப் பாதை இணைக்கிறது. அருவிக்குச் சற்று வடக்கே குயின்ஸ்டனில் தொடங்கி, ஹமில்டன், மில்டன், கலிடன், ஓவன் சவுண்ட், வையர்ட்டன் என்று ஏறிப் போய் டொபர்மோரியில் முடிகிறது. சுமார் 900 கிலோமீட்டர். கிளைப் பாதைகளைச் சேர்த்தால் இன்னும் 400 கிலோமீட்டருக்கு மேல். இதுதான் புரூஸ் ட்ரெயில். நடக்கக் கட்டணம் இல்லை, உறுப்பினராக இருக்க வேண்டியதும் இல்லை.

இதை அரசாங்கம் பராமரிக்கிறது என்றுதான் நானும் பல காலம் நினைத்திருந்தேன். உண்மையில் புரூஸ் ட்ரெயில் கொன்சர்வன்சி என்ற இலாப நோக்கற்ற அமைப்பும், அதன் கீழ் இயங்கும் ஒன்பது கழகங்களும்தான் இதைப் பார்த்துக்கொள்கின்றன. சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் சிலர். மற்றபடி மரம் வெட்டுவதும் பாலம் போடுவதும் குறி வரைவதும் ஆயிரத்துக்கும் அதிகமான தொண்டர்கள். நெடுஞ்சாலையும் கடைத்தொகுதியுமாகத் தெரிந்த ஒன்ராறியோ, இந்தப் பாதையில் நடக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு ஊர் போலப் பட்டது. அதனால்தான் முதல் நடையிலிருந்து முதல் சிரமதானம் வரை என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன்.

யாருடைய காணியில் நடக்கிறீர்கள்?

சப்பாத்து, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் அப்புறம். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு வேலிப் பொட்டு தெரிந்திருக்கும். பக்கத்து வளவுக்குப் போக, கிணற்றடிக்குப் போக, ஒழுங்கையைச் சுற்றாமல் குறுக்கே விழுந்து பள்ளிக்கூடம் போக, வேலியில் ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருப்பார்கள். எந்த உறுதியிலும் அது எழுதப்பட்டிருக்காது. இரண்டு வீடும் முகம் பார்த்துக் கதைக்கும் வரைக்கும் பொட்டு திறந்திருக்கும். மனம் முறிந்தால் மறுநாள் காலையில் அந்த இடத்தில் புது மட்டை நிற்கும்.

புரூஸ் ட்ரெயில் அப்படித்தான் பிறந்தது. ஹமில்டன் ஸ்டெல்கோ இரும்பாலையில் வேலை பார்த்த ரே லோவ்ஸ் என்ற இயற்கை ஆர்வலருக்கு வந்த யோசனை அது. 1960 செப்டெம்பரில் அவரும் இன்னும் மூன்று பேரும் ஹமில்டனில் ஒரு வீட்டில் கூடி முதல் கூட்டம் நடத்தினார்கள். பாதை போக வேண்டிய இடமெல்லாம் தனியார் பண்ணைகள், தோட்டங்கள், காடுகள். வாங்கப் பணம் இல்லை. அதனால் அந்த நால்வரில் ஒருவரான பிலிப் கொஸ்லிங்கும் அவரோடு சேர்ந்தவர்களும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, "உங்கள் காணியின் ஓரமாக ஆட்கள் நடந்து போகலாமா?" என்று கேட்டார்கள். பெரும்பாலும் கைகுலுக்கல்தான் ஒப்பந்தம். அமைப்பு 1963இல் சட்டப்படி பதிவானது. கனடாவுக்கு நூறு வயதான 1967இல் பாதை முழுதாகத் திறக்கப்பட்டது.

இன்றைக்குப் பாதையின் ஒரு பகுதி கொன்சர்வன்சி வாங்கிய காணிகளிலும், இன்னொரு பகுதி மாகாணப் பூங்காக்கள், கொன்சர்வேஷன் ஏரியாக்கள் எனப்படும் இயற்கைப் பாதுகாப்பு இடங்கள், தேசியப் பூங்கா ஆகியவற்றின் நிலத்திலும் போகிறது. ஆனால் தனியார் காணி வழியாகப் போகும் துண்டுகள் இன்னும் நிறையவே இருக்கின்றன. அங்கே நீங்கள் நடப்பது உரிமையால் அல்ல, ஒருவருடைய சம்மதத்தால். காணி கைமாறும்போது புது உரிமையாளர் வேண்டாம் என்று சொல்லலாம். பழைய உரிமையாளரே குப்பையும் சத்தமும் தாங்காமல் வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் அன்றோடு பாதை மூடப்படும். தொண்டர்கள் குறிகளை அழித்துவிட்டு, மாற்று வழி கிடைக்கும் வரை கிரவல் ரோட்டின் ஓரமாகத் திருப்பி விடுவார்கள். ஒருவர் எறிந்துவிட்டுப் போன குப்பைக்குப் பின்னால் வருகிற அத்தனை பேரும் தூசி குடித்து நடக்க நேரும்.

ஒன்ராறியோவின் சட்டம் காணிக்காரருக்கு ஒரு விதத்தில் பாதுகாப்புத் தருகிறது: கட்டணமில்லாத இப்படியான நடைபாதைக்கு வருபவர் அதன் ஆபத்தைத் தாமே ஏற்றுக்கொண்டு வருவதாகத்தான் சட்டம் கொள்கிறது. அதாவது வேர் தடுக்கி விழுந்தால் பொறுப்பு உங்களுடையது. அந்தப் பாதுகாப்பு இருப்பதால்தான் பலர் துணிந்து வழி விடுகிறார்கள்.

முதல் நடைக்கு எந்த இடம்

ஒன்பது கழகங்களும் பாதையைத் தெற்கிலிருந்து வடக்காகப் பங்குபோட்டிருக்கின்றன: நயாகரா, இரோகுவாயா, ரொறன்ரோ, கலிடன் ஹில்ஸ், டஃபரின் ஹைலண்ட், புளூ மவுண்டன்ஸ், பீவர் வலி, சிடன்ஹம், பெனின்சுலா. ரொறன்ரோ கழகத்தின் பகுதி ரொறன்ரோவுக்குள் இல்லை. அது மில்டன் பக்கத்து கெல்சோவிலிருந்து செல்ட்டனம் வரைக்கும் போகிறது. ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ இருந்து காரில் போனால் ஒரு மணிநேரம் வைத்துக்கொள்ளுங்கள். பிரம்டன்காரருக்கு இன்னும் கிட்ட.

சின்னப் பிள்ளைகளோடு முதன்முதலாகப் போகிறீர்கள் என்றால் என் தெரிவு ஜோர்ஜ்டவுனுக்குப் பக்கத்தில் இருக்கும் லைம்ஹவுஸ். பழைய சுண்ணாம்புச் சூளைகள் கல் கல்லாக நிற்கின்றன. கொஞ்சம் நடந்தால் பாறைப் பிளவுக்குள் ஏணி வைத்து இறங்கும் ஓர் இடம் வரும். பிள்ளைகள் அதை நாலு தரம் ஏறி இறங்காமல் விடமாட்டார்கள். தூரமும் குறைவு. நீண்ட காட்சி வேண்டுமென்றால் மில்டனில் ரட்டில்ஸ்னேக் பொயின்ட், பர்லிங்டனில் மவுண்ட் நீமோ. அருவி வேண்டுமென்றால் ஹமில்டன்: வெப்ஸ்டர்ஸ், டியூஸ், போரர்ஸ், ஷேர்மன் என்று அந்த நகரைச் சுற்றி அருவிகள் நிறைய.

கவனிக்க வேண்டியது ஒன்று. நடப்பதற்குக் காசு இல்லை, கார் நிறுத்துவதற்கு உண்டு. கொன்சர்வேஷன் ஏரியாக்கள் பலவற்றில் நுழைவுக் கட்டணமும், சனி ஞாயிறுகளில் முன்பதிவும் கேட்பார்கள். குரோட்டோவுக்குக் கோடை முழுவதும் வாகனத் தரிப்பிடத்தை முன்கூட்டியே பதிய வேண்டும். பதியாமல் மூன்றரை, நாலு மணிநேரம் ஓட்டிப் போய் வாசலில் திரும்பிய குடும்பங்கள் ஏராளம். இடம் இல்லையென்று யாராவது வீட்டுக்காரரின் வாசல் ஓரத்தில் காரை விட்டுவிட்டுப் போவது மிகப் பெரிய தவறு. கார் இழுத்துச் செல்லப்படலாம், அது உங்கள் இழப்பு. அந்த வீட்டுக்காரர்தான் பாதைக்கு வழி விட்டவராகவும் இருக்கலாம், அது எல்லாருக்கும் இழப்பு.

கார் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். ரொறன்ரோ கழகம் நகரிலிருந்து பஸ் வைத்து நடைகளுக்குக் கூட்டிப் போகிறது. ஒருநாள் காசைக் கட்டி ஏறினால் வழிகாட்டியும் கூட வருவார். தனியாகத் தேடி அலைவதைவிட முதல் தடவைக்கு இது மேல்.

இன்னொன்று: இது சுற்றிவந்து தொடங்கிய இடத்தில் சேரும் பாதை அல்ல, நீளமாகப் போய்க்கொண்டே இருக்கும் பாதை. போன வழியே திரும்ப வேண்டும், அல்லது கிளைப் பாதையைச் சேர்த்து ஒரு வட்டம் போட வேண்டும், அல்லது இரண்டு குடும்பமாகப் போய் ஒரு காரை முடியும் இடத்தில் விட்டுவிட வேண்டும். தூரக் கணக்கில் தட்டையான பூங்காவை நினைக்காதீர்கள். கல்லும் வேரும் ஏற்றமும் உள்ள இடத்தில் மணிக்கு 3 கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். முதல் நாளுக்குப் போக வர 5 கிலோமீட்டர் தாராளம்.

குறிகளை வாசிப்பது

மரத்தில், கம்பத்தில், சில இடங்களில் பாறையில், ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் அகலமும் 15 சென்ரிமீற்றர் உயரமுமாக ஒரு நீள்சதுரம் பூசியிருக்கும். வெள்ளை என்றால் பிரதான பாதை. நீலம் என்றால் கிளைப் பாதை. ஒரே ஒரு வெள்ளைக் குறி இருந்தால் நேரே போங்கள். இரண்டு குறிகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தால் திருப்பம் வருகிறது என்று அர்த்தம். மேலே இருக்கும் குறி எந்தப் பக்கம் தள்ளி இருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

இவ்வளவுதான் இலக்கணம். ஆனால் கதைத்துக்கொண்டே நடக்கும்போது இரட்டைக் குறியைத் தவறவிடுவது மிகச் சுலபம். முதல் வருடம் நாங்கள் ஆறு பேர் ஹொக்லி பள்ளத்தாக்கில் அப்படித்தான் ஒரு திருப்பத்தை விட்டுவிட்டு, அகலமான பழைய வண்டித்தடம் ஒன்றில் இறங்கிப் போனோம். வழி நன்றாக இருந்ததால் சந்தேகமே வரவில்லை. ஒரு வீட்டின் பின்புறப் புல்தரையில் போய் நின்றபோதுதான் பிழை விளங்கியது. அன்றிலிருந்து ஒரு பழக்கம்: ஐந்து நிமிடம் நடந்தும் குறி கண்ணில் படவில்லை என்றால் யாராக இருந்தாலும் நிறுத்தச் சொல்ல வேண்டும். கடைசியாகக் கண்ட குறி வரைக்கும் திரும்பிப் போய், அங்கிருந்து மறுபடி தேட வேண்டும். முன்னால் போனால் எங்காவது சேரும் என்று நினைத்துப் போகவே கூடாது. பிள்ளைகளிடம் குறி தேடும் வேலையைக் கொடுத்துவிடுங்கள். அவர்களுடைய கண் நம்முடையதைவிடக் கூர்மை.

கொன்சர்வன்சியின் வரைபடப் புத்தகமும் கைத்தொலைபேசிச் செயலியும் கிடைக்கின்றன. புறப்படும் முன்பு செயலியிலோ இணையத்தளத்திலோ அந்தப் பகுதிக்கு அறிவித்தல் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பாலம் உடைந்திருக்கலாம், காணிக்காரர் கேட்டதால் பாதை தற்காலிகமாக மூடியிருக்கலாம். நவம்பர் மான்வேட்டைக் காலத்தில் சில துண்டுகளை மூடிவிடுவார்கள். மற்ற இடங்களில் நடந்தாலும் அந்த நாட்களில் பளிச்சென்ற செம்மஞ்சள் மேலங்கி போடுங்கள்.

உடல் பத்திரம்

கணுக்காலைப் பிடிக்கும், அடிப்பக்கம் வழுக்காத சப்பாத்து. ஆளுக்கு ஒரு லீற்றருக்குக் குறையாத தண்ணீர். கையில் பிடித்துச் சாப்பிடக்கூடிய சாப்பாடு: ரோல்ஸ், மாலுபணிஸ், ரொட்டி. கழிப்பறை எல்லா இடத்திலும் இருக்காது, காரில் வரும் வழியிலேயே எங்காவது போய்விட்டு வந்துவிடுங்கள். குளிர்காலத்தில் சப்பாத்துக்கு மேல் மாட்டும் இரும்புப் பல் பட்டை இல்லாமல் சரிவுப் பகுதிகளுக்குப் போக வேண்டாம். டிசெம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

உண்ணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊரில் மாட்டிலும் நாயிலும் ஒட்டுகிற உண்ணியின் இனம்தான். இங்கே கறுப்புக்கால் உண்ணி என்று ஒன்று லைம் நோயைப் பரப்புகிறது. குட்டியாக இருக்கும்போது எள்ளைவிடச் சிறிது. புல்நுனியில் காத்திருந்து கடந்து போகும் காலில் தொற்றும். நீளக் காற்சட்டை போட்டு, அதன் விளிம்பைக் காலுறைக்குள் செருகுங்கள். வெளிர் நிறம் என்றால் உண்ணி கண்ணுக்குத் தெரியும். டீட் அல்லது ஐக்காரிடின் உள்ள பூச்சித் தைலம் பூசுங்கள். வீட்டுக்கு வந்ததும் குளித்து, முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம், தலைமுடிக்குள் எல்லாம் பாருங்கள், பிள்ளைகளுக்கு நீங்களே பாருங்கள். ஒட்டியிருந்தால் கூரான சாமணத்தால் தோலுக்கு மிகக் கிட்டப் பிடித்து நேராக மேலே இழுத்து எடுக்க வேண்டும். எண்ணெய் விடுவது, நெருப்புக் குச்சி வைப்பது போன்ற கைவைத்தியம் வேண்டாம். எடுத்த பிறகு நாளைக் குறித்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போங்கள். ஒன்ராறியோவில் 2023 முதல் உண்ணிக் கடிக்குரிய தடுப்பு மருந்தை மருந்தாளரே எழுதிக் கொடுக்கலாம்.

பொய்சன் ஐவி என்ற செடிக்கு ஒரு காம்பில் மூன்று இலைகள், நடு இலையின் காம்பு மட்டும் நீளம். தொட்டால் காஞ்சோண்டி போல உடனே கடிக்காது. ஒன்றிரண்டு நாள் கழித்துக் கொப்பளம் போடும். பாதையின் நடுவில் நடந்தால் பயமில்லை. வடக்கே டொபர்மோரி இருக்கும் புரூஸ் பெனின்சுலாவில் மஸ்ஸசாகா என்ற கிலுகிலுப்பைப் பாம்பு இருக்கிறது, ஒன்ராறியோவின் ஒரே விஷப் பாம்பு அதுதான். அருகி வரும் இனம் என்பதால் சட்டம் அதைக் காக்கிறது. சத்தம் கேட்டால் நின்று, அதற்கு வழி விட்டு, பின்வாங்குங்கள். கல்லெடுக்க வேண்டாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து விளிம்பு. இந்தப் பாதை ஏறிப் போவது நயாகரா எஸ்கார்ப்மென்ட் எனப்படும் நீண்ட பாறை முகட்டின் மேல். மேலே கடினமான டொலமைட் பாறை, கீழே மிருதுவான களிப்பாறை. கீழ்ப்பாறை கரையக் கரைய மேற்பாறை தொங்கலாக நீட்டிக்கொண்டு நிற்கும், ஒருநாள் உடைந்து விழும். நயாகரா அருவி பின்வாங்கிக்கொண்டே போவதும் இதனால்தான். நீங்கள் நிற்கும் விளிம்பின் அடியில் வெறும் காற்றாக இருக்கலாம். ஹமில்டன் அருவிகளில் விழுந்தவர்களைத் தீயணைப்புப் படையினர் கயிறு கட்டி மேலே எடுப்பது வாடிக்கையாகவே ஆகிவிட்டது. படத்துக்காக ஓரடி கூட முன்னால் வைக்க வேண்டாம். 911 அழைக்க நேர்ந்தால் கிட்டிய குறுக்கு ரோட்டின் பெயரைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், அதனால் கார் நிறுத்தும்போதே அந்தப் பெயரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

விருந்தாளியாக நடப்பது

சேற்றைக் கண்டால் சேற்றுக்குள்ளேயே நடங்கள். புதியவர்களுக்கு இது வினோதமாகப் படும். ஏப்ரலில் பனி உருகி வழியெல்லாம் சகதியாக இருக்கும்போது எல்லாரும் ஓரமாகச் சுற்றிப் போவார்கள். அடுத்தவர் இன்னும் ஓரமாகப் போவார். ஒரே வசந்தத்தில் ஓரடிப் பாதை பத்தடிச் சேற்று வாய்க்காலாகிவிடும். ஓரத்தில் அப்போதுதான் தலைதூக்கும் ட்ரில்லியம் செடி நசுங்கும். ஒன்ராறியோவின் மாகாணப் பூ அது. விதையிலிருந்து முதல் பூப் பூக்க ஏழு வருடத்துக்குக் குறையாது. சப்பாத்தை வீட்டில் கழுவிக்கொள்ளலாம்.

வேலி வந்தால் ஏறிக் குதிக்கக் கூடாது. மரப்படி வைத்த கடப்பு ஒன்று பக்கத்தில் இருக்கும், நம் ஊர்க் கடப்பு மாதிரியேதான். நாய் கயிற்றில் இருக்க வேண்டும். சைக்கிளுக்கு இடமில்லை, இது நடந்து போகிறவர்களுக்கான பாதை. நெருப்பு மூட்டுவதும் கூடாரம் அடிப்பதும் அதற்கென்று ஒதுக்கிய இடங்களில் மட்டும். ஒலிபெருக்கியில் பாட்டு வேண்டாம். தோடம்பழத் தோலையும் கச்சான் கோதையும்கூடப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். இருபது முப்பது பேராகச் சேர்ந்து அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட ஆசையென்றால் கொன்சர்வேஷன் ஏரியாக்களில் அதற்கென்று மேசைகளோடு இடம் இருக்கிறது. அங்கே பதிந்து சமையுங்கள், பிறகு சின்னச் சின்னக் குழுவாகப் பிரிந்து நடக்கப் போங்கள்.

விளிம்பில் வளரும் சிறிய சீடர் மரங்களைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். பாறை இடுக்கிலிருந்து முறுக்கிக்கொண்டு, பாதி பட்டுப்போனது போல, சில இடங்களில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நிற்கும். மணிக்கட்டுத் தடிப்புத்தான் இருக்கும். குவெல்ஃப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 1980களின் கடைசியில் இவற்றின் வளையங்களை எண்ணத் தொடங்கியபோது பல நூறு வயது வந்தது. ஆயிரம் வயதைத் தாண்டியவையும் இருந்தன. மண்ணே இல்லாத பாறையில், வருடத்துக்கு மயிரிழை அளவு வளர்ந்து, இராசராசன் காலத்திலிருந்து நிற்கும் மரம் அது. கைப்பிடியாக இழுக்கவோ, மேலே காலை வைக்கவோ, கொப்பை முறிக்கவோ வேண்டாம். 1990இல் யுனெஸ்கோ இந்த முகட்டை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்ததன் பின்னால் இப்படியான உயிர்களும் இருக்கின்றன. பிள்ளைகளை அந்த மரத்துக்குப் பக்கத்தில், விளிம்பிலிருந்து தள்ளி நிறுத்தி, அதன் வயதைச் சொல்லிப் பாருங்கள். அவர்களே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

காட்டுக்குள் நுழையும் இடத்தில் சப்பாத்துத் தேய்க்கும் தூரிகை வைத்திருந்தால் பயன்படுத்துங்கள். பூண்டுக் கடுகு போன்ற அந்நியக் களைகளின் விதை நம் அடிச்சப்பாத்துச் சேற்றில்தான் பயணம் செய்கிறது.

கழகத்தில் சேருவது

நாலைந்து தடவை நடந்த பிறகு, பிடித்திருந்தால், உறுப்பினராகுங்கள். சேரும்போது ஒன்பது கழகங்களில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்வார்கள். வீட்டுக்குக் கிட்டியதையும் எடுக்கலாம், மனதுக்குப் பிடித்த பகுதியையும் எடுக்கலாம். சந்தா குடும்பத்துக்குப் பொதுவானது. பாதையைப் பேணுவதற்கும் காணி வாங்குவதற்கும் அது போய்ச் சேரும். பதிவு செய்த அறக்கட்டளை என்பதால் நன்கொடைக்கு வரிச் சலுகைப் பற்றுச்சீட்டு கிடைக்கும்.

கழக நடைகளில் தூரமும் கடினமும் முன்பே அறிவிக்கப்படும். "சுலபம்" என்று போட்டதில் தொடங்குங்கள். முன்னால் ஒரு வழிகாட்டி, கடைசியில் ஒருவர், நடுவில் மற்றவர்கள். வருபவர்களில் ஓய்வுபெற்றவர்கள் அதிகம், 70 வயதுக்காரர் நம்மை முந்திப் போவார். தமிழ் முகம் நம்முடையது மட்டுமாக இருக்கலாம், முதல் அரை மணிநேரம் கூச்சமாகவும் இருக்கலாம். சாப்பாட்டு நேரத்தில் ரோல்ஸ் பெட்டியைத் திறந்து நீட்டுங்கள், கூச்சம் போய்விடும். குயின்ஸ்டனிலிருந்து டொபர்மோரி வரை முழுப் பாதையையும் துண்டு துண்டாக நடந்து முடித்தவர்களுக்குச் சான்றிதழ் உண்டு. வருடக்கணக்கில் எடுத்து முடிப்பவர்கள்தான் அதிகம், அவசரமே இல்லை.

முதல் சிரமதானம்

மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு நெருக்கமான பகுதி இது. சிரமதானம் என்றால் நமக்குப் புதிதல்ல. கோயில் கேணி தூர்வாரியிருக்கிறோம், பள்ளிக்கூட வளவு கூட்டியிருக்கிறோம், வாசிகசாலைக்கு ஓலை மேய்ந்திருக்கிறோம். அதே வேலைதான், காடு மட்டும் வேறு.

உங்கள் கழகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, பாதை வேலை நாள் எப்போது, புதியவர் வரலாமா என்று கேளுங்கள். ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் இரண்டு வரி போதும். கைவேலை தெரிந்தால் அதைச் சொல்லுங்கள்: தச்சு வேலை, கட்டட வேலை, வெல்டிங், எதுவாக இருந்தாலும் அவர்களுக்குப் பொன் மாதிரி. பாலம், பலகைப் பாதை, படிக்கட்டு, கடப்பு எல்லாவற்றையும் தொண்டர்களே கட்டுகிறார்கள். மரத்தையும் பலகையையும் ரோட்டிலிருந்து காட்டுக்குள் தோளில் சுமந்துதான் கொண்டுபோக வேண்டும். சுமக்க ஓர் ஆள் கிடைத்தாலே பெரிய உதவி.

நான் போன முதல் நாள் கையில் கொடுத்தது நீளக் கைப்பிடிக் கத்தரி ஒன்று. பாதைக்குள் நீட்டிய கொப்புகளை வெட்ட வேண்டும். நுனியில் வெட்டக் கூடாது, கிளை தொடங்கும் கணுவில் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருடம் நாலாகத் துளிர்த்து நிற்கும். வெட்டியதைப் பாதையில் விடாமல், கண்ணில் படாத பக்கத்துக்கு, வெட்டுவாய் அந்தப் புறம் பார்க்க இழுத்துப் போட வேண்டும். மூன்று மணிநேரத்தில் எங்கள் ஐந்து பேரால் ஒரு கிலோமீட்டர்கூட முடிக்க முடியவில்லை. அடுத்த முறை நடக்கும்போது தோளில் எதுவும் உரசாத இடமெல்லாம் யாரோ வெட்டிய இடம் என்று கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது.

பிறகு தண்ணீர் வேலை. பாதையை அழிப்பது கால்களைவிட மழைதான். சரிவான இடத்தில் தண்ணீர் பாதையையே வாய்க்காலாக்கி ஓடும். குறுக்கே ஒரு மரத்தையோ கல் வரிசையையோ சாய்வாகப் பதித்து, தண்ணீரைக் கீழ்ப்பக்கமாக வெளியே திருப்பி விடுவார்கள். தோட்டத்துக்கு இறைத்தவர்களுக்கு வாய்க்கால் திருப்புவது கைவந்த கலை. என்னுடன் வந்த வயதான உறவினர் ஒருவர் ஆங்கிலம் பேசாமலே அந்த வேலையை முன்னின்று செய்தார்.

குறி பூசுவது பார்க்கச் சுலபம், ஆனால் பயிற்சி வேண்டும். தளர்ந்த பட்டையை மட்டும் மெல்லச் சுரண்டி, கண் மட்டத்தில், விளிம்பு நேராக வரும்படி பூச வேண்டும். இரண்டு திசையிலிருந்து வருபவருக்கும் தெரிய வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. யாரும் தாமாகக் குறி பூசக் கூடாது. சங்கிலி வாளும் அப்படித்தான்: சான்றிதழ் பெற்றவர்கள் மட்டும் தொடலாம். எமரல்ட் ஆஷ் போரர் என்ற வண்டு ஆயிரக்கணக்கில் ஆஷ் மரங்களைக் கொன்றுவிட்டதால் பட்டமரங்கள் எந்த நேரமும் விழுகின்றன. பாதி சாய்ந்து இன்னொரு மரத்தில் தங்கி நிற்பதை வெட்டுவது அனுபவசாலிக்கே ஆபத்து.

கொஞ்சம் பழகிய பிறகு ட்ரெயில் கப்டன் ஆகலாம். சில கிலோமீட்டர் நீளத்துண்டு ஒன்றை உங்கள் பொறுப்பில் தருவார்கள். வருடத்தில் சில தடவை கத்தரியும் மடக்கு வாளும் குப்பைப் பையுமாக அதை நடந்து பார்த்து, சின்ன வேலையை அங்கேயே முடித்து, பெரிய வேலையை எழுதி அனுப்ப வேண்டும். வழியில் காணிக்காரரைக் கண்டால் நின்று நாலு வார்த்தை பேச வேண்டும். அந்த நாலு வார்த்தைதான் பொட்டு மூடாமல் வைத்திருப்பது. நடப்பது கடினமானவர்களுக்கு வேறு வேலைகள் இருக்கின்றன: கொன்சர்வன்சி வாங்கிய காணிகளைக் கண்காணிப்பது, வரைபட வேலை, பஸ் நடைகளுக்குப் பதிவு எடுப்பது.

உயர்தரப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. ஒன்ராறியோவில் டிப்ளோமா பெற 40 மணிநேரச் சமூக சேவை வேண்டும். பாதை வேலையைக் கணக்கில் எடுக்கலாமா, 18 வயதுக்குக் கீழானவர் பெற்றோரோடு வர வேண்டுமா என்று கழகத்திடமும் பள்ளியிடமும் முன்பே கேட்டுவிடுங்கள். படிவத்தை அன்றைக்கே கையெழுத்து வாங்குங்கள், பின்னால் தேடி அலைய வேண்டாம். தாயோ தகப்பனோ கூடப் போய் வேலை செய்தால் பிள்ளைக்கு அது வேறு மாதிரியான நாளாக இருக்கும்.

நடக்கும்போதே செய்யக்கூடியது

சேர நேரமில்லை, வேலை நாளுக்குப் போக முடியவில்லை என்றாலும் ஒன்று செய்யலாம். விழுந்த மரம், உடைந்த பலகை, அழிந்த குறி, இடிந்த கடப்பு எதைக் கண்டாலும் அறிவியுங்கள். "ஹமில்டன் பக்கம் ஒரு மரம் விழுந்திருக்கிறது" என்று எழுதினால் யாராலும் தேட முடியாது. வரைபடத்தில் பிரதான பாதை ஒவ்வொரு பகுதியிலும் கிலோமீட்டர் எண்ணோடு இருக்கும். எந்தப் பகுதி, எத்தனையாவது கிலோமீட்டருக்குக் கிட்ட, எந்த ரோட்டிலிருந்து எந்தத் திசையில் எத்தனை நிமிட நடை என்று எழுதுங்கள். மரம் எவ்வளவு தடிப்பு என்று தெரிய, பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் போத்தலை வைத்துப் படம் எடுங்கள். கைவாள் போதுமா, சங்கிலி வாளோடு ஆள் வர வேண்டுமா என்று கப்டன் அந்தப் படத்தைப் பார்த்தே முடிவு செய்துவிடுவார். தாண்டிப் போக முடியாமல் ஆட்கள் சுற்றிப் போகத் தொடங்கிவிட்டார்களா என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள், அப்படியென்றால் முதலில் அதற்குத்தான் வருவார்கள்.